மூக்குக்கு ஏற்ற மாஸ்க்: பரணில் இருக்கும் மெஷினைக் கீழே இறக்குங்கள்

(நமது குடியிருப்பின் மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "சார், அடுத்த கூட்டத்துல நீங்க பேசணும். எஃப்.டி. வட்டி, நாமினேஷன், எது வேணும்னாலும் பேசுங்க" என்றார். "மூக்கைப் பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் குடியிருப்பில் எனக்குத் தெரிந்தே மூன்று வீடுகளில் சிபாப் மெஷின் வாங்கி, பத்து நாள் போட்டுப் பார்த்து, பரணில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். என் வீட்டிலும் அது நான்கு மாதம் பரணில்தான் இருந்தது. அதைக் கீழே இறக்கிய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் அல்ல. பி.காம். படித்துவிட்டு 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். மருந்தையும் மெஷினின் அழுத்தத்தையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாஸ்க்கோடு இரவில் மல்லுக்கு நிற்பது நாம்தான். அதனால் அந்தப் பகுதியைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

குறட்டை மட்டும் அல்ல

தூங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை மிகவும் தளர்ந்து மூச்சுப் பாதையையே அடைத்துவிடுகின்றன. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை ஒரு தடை என்று கணக்கு வைக்கிறார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது, மூளை பதறி எழுப்புகிறது, பெரிய சத்தத்தோடு மூச்சு வருகிறது, மறுபடி தூக்கம், மறுபடி தடை. காலையில் நமக்கு ஒன்றும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் எல்லாம் தெரியும்.

மணிக்கு 5 முதல் 15 தடவை என்றால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் போனால் கடுமையானது. ஸ்லீப் ஸ்டடி செய்தபோது எனக்கு வந்த எண் 42. நான் பழைய கிளார்க், உடனே பெருக்கிப் பார்த்தேன். ஏழு மணி நேரத் தூக்கம் என்றால் 294 தடவை. ஒரு ராத்திரியில் ஏறக்குறைய முந்நூறு தடவை மூச்சு நின்று வந்திருக்கிறது. நானோ "நல்லாத் தூங்கினேன்" என்று சொல்லிக்கொண்டு, காலை பத்து மணிக்கே பேப்பரைக் கையில் பிடித்தபடி தூங்கி வழிந்துகொண்டிருந்தேன்.

இதைக் கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்குச் சுமை கூடும், பகலில் வண்டி ஓட்டும்போது கண் அசந்துவிடும். குண்டாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் அதிகமாக வருகிறது.

சிபாப் மெஷின் செய்வது ஒரே ஒரு வேலை. காற்றைச் சீரான அழுத்தத்தில் மூக்கு வழியாக அனுப்பித் தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1980-ல் முதல் நோயாளிக்கு இதைப் போட்டார். அடுத்த வருடம் லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. அப்போது கடையில் மாஸ்க் கிடையாது. ஒவ்வொருவர் மூக்குக்கும் பிளாஸ்டர் அச்சு எடுத்து மாஸ்க் செய்து, தினமும் ராத்திரி அதைப் பசை போட்டு முகத்தில் ஒட்டினார்களாம். இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. காற்று தள்ளும் மெஷின் செய்வது அன்றைக்கும் பெரிய வேலை இல்லை. அது முகத்தில் கசியாமல் உட்காருவதுதான் ஆரம்பத்திலிருந்தே பெரிய வேலை.

நான் செய்த தவறுகள்

மெஷின் வாங்கிய கடையில் மாஸ்க்கை மேஜைக்கு எதிரே உட்கார வைத்துப் போட்டுப் பார்த்தார்கள். மெஷின் ஓடவில்லை. "மீடியமா, லார்ஜா சார்?" என்றார் பையன். சட்டை லார்ஜ்தானே போடுகிறோம், கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும் என்று லார்ஜ் வாங்கினேன். முதல் தவறு அது. மூக்கு மாஸ்க்குக்கு முகத்தின் அளவு முக்கியம் அல்ல, மூக்கின் அளவுதான் முக்கியம்.

வீட்டில் படுத்து மெஷினைப் போட்டதும் மேல் பக்கமாகக் காற்று கண்ணுக்குள் அடித்தது. பட்டையை இறுக்கினேன். கீழே மீசைப் பக்கம் கசிந்தது. இன்னும் இறுக்கினேன். கன்னம் வலித்தது, கசிவு நிற்கவில்லை. காலையில் என் மனைவி, "என்னங்க, கன்னத்துல ரப்பர் ஸ்டாம்ப் குத்தின மாதிரி இருக்கு" என்றாள். மூக்குத் தண்டில், நாற்பது வருடம் கண்ணாடி போட்டுத் தழும்பான அதே இடத்தில், புண் வந்துவிட்டது. கண் சிவந்திருந்தது.

மாஸ்க்கின் முன்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகளிலிருந்து "உஸ்" என்று சத்தம் வந்தது. அதுவும் கசிவு என்று நினைத்து செல்லோ டேப்பைத் தேடினேன். நல்லவேளை, டேப் கிடைக்கவில்லை. நாம் வெளியே விடும் மூச்சு போவதற்கான வழி அது. அதை அடைத்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்போம். எக்காரணம் கொண்டும் அதை அடைக்கக் கூடாது. அந்தச் சத்தம் வருவதுதான் சரி.

பன்னிரண்டாம் நாள் மெஷினைப் பையில் போட்டுப் பரணில் ஏற்றினேன். "எனக்கு ஒத்துக்கலை" என்று எல்லாரிடமும் சொன்னேன். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் தலையணையை எடுத்துக்கொண்டு பழையபடி ஹாலுக்குப் போய்விட்டாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம், பேத்தியைப் பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் கூட்டி வந்தேன். சிகப்பு சிக்னலில் நின்றேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, முதுகில் அவள் தட்டியதும் பின்னாலிருந்து ஹாரன் சத்தமும்தான். "தாத்தா, பச்சை விழுந்துடுச்சு, தூங்கிட்டீங்களா?" என்றாள். நின்றுகொண்டிருந்த வண்டியில், கையில் பிரேக்கோடு, நான் தூங்கியிருக்கிறேன். வண்டி ஓடிக்கொண்டிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே அவளோடு நடந்து வீட்டுக்கு வந்தேன். அன்று சாயங்காலமே பரணில் ஏறினேன்.

படுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும்

இந்தத் தடவை கடைக்குப் போகாமல் டாக்டரின் ஸ்லீப் கிளினிக்குக்குப் போனேன். அங்கே டெக்னீஷியன் அம்மா ஒருவர் என் மாஸ்க்கைப் பார்த்துவிட்டு, "சார், இது உங்க மூக்குக்கு இல்லை" என்றார். ஒரு அட்டை அளவுகோலை வைத்து மூக்கின் அகலத்தை அளந்தார். எனக்கு வேண்டியது மீடியம்.

பிறகு, "படுங்க சார்" என்றார். வீட்டில் எத்தனை தலையணை, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள் என்று கேட்டு அதே மாதிரி படுக்க வைத்தார். உட்கார்ந்திருக்கும்போது இருக்கும் முகம் வேறு, படுத்ததும் தசை தளர்ந்த முகம் வேறு. பல்செட் உள்ளவர்கள் ராத்திரி அதைக் கழற்றிவிட்டுத் தூங்குவீர்களானால், கழற்றிவிட்டுத்தான் மாஸ்க்கைப் பொருத்திப் பார்க்க வேண்டும். கன்னம் அப்போது உள்ளே போய்விடுகிறது அல்லவா?

அவர் சொல்லிக்கொடுத்த வரிசையை அப்படியே சொல்கிறேன்.

முதலில் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் குஷன் வழுக்கும்.

இரண்டாவது, பட்டைகளைத் தளர்த்திவிட்டு, குஷனை மூக்கின் மேல் வையுங்கள். மேல் விளிம்பு மூக்குத் தண்டின் எலும்பில் உட்கார வேண்டும். அதற்குக் கீழே மெத்தென்ற பகுதியில் உட்கார்ந்தால் மூக்கைப் பிடித்து அடைக்கும். கீழ் விளிம்பு மூக்குத் துவாரத்துக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும், உதட்டின் மேல் ஏறக் கூடாது. பக்கவாட்டில் மூக்கு மடல்களை நெருக்கக் கூடாது.

மூன்றாவது, மெஷினை ஓட விடுங்கள். பல மெஷின்கள் முதலில் குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்து மெதுவாக ஏறும். அப்போது எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். நள்ளிரவில் அழுத்தம் ஏறியதும் கசியும். ஆகவே உங்களுக்கு டாக்டர் எழுதிய அழுத்தத்தில் வைத்தே சோதிக்க வேண்டும். சில மெஷின்களில் இதற்கென்றே மாஸ்க் சோதனை வசதி இருக்கிறது.

நான்காவது, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக முன்னால் இழுத்து, மெதுவாகத் திரும்ப உட்கார விடுங்கள். குஷனின் விளிம்பில் இருக்கும் மெல்லிய சிலிக்கான், காற்று நிறைந்து பலூன் மாதிரி உப்பித் தோலோடு ஒட்டும். காற்றுதான் கசிவை அடைக்கிறது, பட்டை அல்ல. நான் இறுக்க இறுக்க அந்த மெல்லிய விளிம்பு நசுங்கி மடிந்து, அந்த மடிப்பு வழியாகவே காற்று போயிருக்கிறது. பன்னிரண்டு நாள் நான் பட்ட பாட்டுக்குக் காரணம் இவ்வளவுதான்.

ஐந்தாவது, இரண்டு பக்கப் பட்டைகளையும் ஒன்றாக, சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கசிவு நின்றதும் நிறுத்திவிடுங்கள். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவில் விரல் எளிதாக நுழைய வேண்டும். பிறகு இடது, வலது என்று திரும்பிப் படுத்துப் பாருங்கள்.

எந்த வகை யாருக்கு?

மூக்கு வழி மாஸ்க்கிலேயே முக்கியமாக மூன்று வகை இருக்கிறது. மூக்கு முழுவதையும் மூடுவது ஒன்று. மூக்குக்கு அடியில் தொட்டில் மாதிரி தாங்கி நிற்பது இன்னொன்று. துவாரங்களில் இரண்டு சின்னக் குமிழ்கள் போலப் பொருந்துவது மூன்றாவது. இவை தவிர மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழு மாஸ்க் தனி.

மூக்குத் தண்டில் புண் வருகிறவர்களுக்கும், படுத்துக்கொண்டு கண்ணாடி போட்டுப் படிக்கிறவர்களுக்கும், மூடினாலே மூச்சு முட்டுவது போல் இருக்கிறவர்களுக்கும் பின்னிரண்டு வகைகள் வசதி. அழுத்தம் அதிகம் தேவைப்படுகிறவர்களில் பலருக்குத் துவாரத்தில் காற்று நேராக அடிப்பது எரிச்சலாக இருக்கும். அவர்களுக்கு மூக்கை மூடும் வகை நல்லது.

மீசைக்காரர்கள் கவனிக்கவும். கீழ் விளிம்பு மீசையின் மேல் உட்கார்ந்தால் கசியும். குமிழ் வகைக்கு மாறுங்கள், அல்லது என்னைப் போல மேல் வரியைக் கொஞ்சம் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மானம் ஒன்றும் போய்விடவில்லை.

மூக்குத்தி போட்டிருக்கிற சகோதரிகள், அதைக் கழற்றாமல்தான் தூங்குவீர்கள் என்றால், மூக்குத்தியோடே போட்டுப் பார்த்து வாங்குங்கள். குமிழ் வகையில் உள்பக்கத் திருகு உறுத்தலாம். கொண்டையை உச்சியில் போட்டால் பின்பக்கப் பட்டை நழுவும். தளர்வான பின்னலாகப் போட்டுக்கொண்டால் நிற்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சில மாஸ்க்குகளில் பட்டையை மாட்டும் கிளிப்பில் காந்தம் இருக்கிறது. பேஸ்மேக்கர் போன்ற கருவி உடம்புக்குள் வைத்தவர்கள் அதைப் போடக் கூடாது. உங்கள் பக்கத்தில் படுக்கிறவருக்கு பேஸ்மேக்கர் இருந்தாலும் காந்தம் உள்ளதை வாங்காதீர்கள். கடையில் யாரும் கேட்கவில்லை என்றாலும் நீங்களே சொல்லுங்கள்.

திறந்து பயன்படுத்திய மாஸ்க்கைப் பெரும்பாலும் திரும்ப வாங்க மாட்டார்கள். அதனால் காசு கொடுப்பதற்கு முன்னாலேயே, "படுத்து, மெஷினோட போட்டுப் பார்க்கணும்" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். செருப்பு வாங்கினால் நடந்து பார்க்கிறோம் இல்லையா?

வாய் திறந்தால்?

மூக்கு மாஸ்க் போட்டுத் தூங்கும்போது வாய் திறந்துகொண்டால் காற்று வாய் வழியே போய்விடும். காலையில் நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் இதுதான் காரணமாக இருக்கலாம். பலருக்கு மூக்கு அடைப்பினால்தான் வாய் திறக்கிறது. ஆகவே முதலில் மூக்கை டாக்டரிடம் காட்டுங்கள். மெஷினில் இருக்கும் ஈரப்பதப் பெட்டியைப் பயன்படுத்துங்கள். தாடையைத் தாங்கும் பட்டை சிலருக்கு உதவுகிறது. எதுவும் சரிப்படாவிட்டால் முழு மாஸ்க்குக்கு மாறுவதில் தவறில்லை. யாரோ சொன்னார்கள் என்று வாயில் டேப் ஒட்டிக்கொள்ளும் வேலை மட்டும் வேண்டாம்.

பழகுவதற்கும் ஒரு வழி இருக்கிறது. முதல் சில நாள், பகலில் டி.வி. பார்க்கும்போது மாஸ்க்கை வெறுமனே கையால் மூக்கில் பிடித்துக்கொண்டு மூச்சு விடுங்கள். அப்புறம் பட்டையை மாட்டி, அப்புறம் மெஷினோடு அரை மணி நேரம். மத்தியானத் தூக்கத்தில் ஒரு தடவை. பிறகு ராத்திரி. சீரியல் பார்த்துக்கொண்டே பழகியதால் முகத்தில் ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோனது. நடுவில் கசிந்தால் தூக்கக் கலக்கத்தில் பட்டையை இறுக்காதீர்கள். முன்னால் இழுத்து விட்டுத் திரும்ப உட்கார வையுங்கள், போதும்.

சுத்தமும் கரண்ட்டும்

குஷனைத் தினமும் காலையில் மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். டெட்டால், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். பட்டையை வாரம் ஒரு தடவை துவைத்தால் போதும். தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள் ராத்திரியில் வைக்காதீர்கள். புண் இருக்கிறது என்று குஷனுக்கு அடியில் வாசலின் தடவினால் சிலிக்கான் கெடும். ஈரப்பதப் பெட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். நம் போர் தண்ணீரை ஊற்றினால் கெட்டிலில் படிகிற அதே வெள்ளை உப்பு அதிலும் படியும். சில மாதங்களில் குஷன் தொளதொளவென்று ஆகிவிடும். அப்போது மறுபடி கசியும். பட்டையை இறுக்காமல் குஷனை மட்டும் மாற்றுங்கள், தனியாகக் கிடைக்கிறது.

கரண்ட் போனால் மூச்சு முட்டுமோ என்று பயப்படுகிறார்கள். மூக்கு மாஸ்க்கில் வாய் திறந்துதான் இருக்கிறது. முழு மாஸ்க்கில் வெளிக்காற்று வர வால்வு இருக்கிறது. மூச்சுக்கு ஆபத்தில்லை, சிகிச்சைதான் நின்றுபோகும். இங்கே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் ஜெனரேட்டர் இணைப்பு வீட்டுக்குள் விளக்குக்கும் ஃபேனுக்கும்தான் இருக்கிறது. மெஷின் வைத்திருப்பவர்கள் வீட்டில் படுக்கையறையில் ஒரு பிளக் பாயிண்ட்டையும் அதில் சேர்க்க முடியுமா என்று கமிட்டி பார்க்க வேண்டும். செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்.

கடைசியாக

இப்போது ஒரு வருடம் ஆகிறது. மணிக்கு 42 இருந்தது, மெஷின் காட்டும் கணக்கில் 3-க்கு வந்திருக்கிறது. பி.பி. மாத்திரை நிற்கவில்லை, அதை டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனால் மத்தியானம் தூங்கி வழிவதில்லை. டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் பேத்தியை மறுபடி ஸ்கூட்டரில் ஏற்றினேன். என் மனைவியின் தலையணை ஹாலிலிருந்து திரும்பி வந்துவிட்டது. "அந்த உஸ் சத்தம் இல்லேன்னா இப்பத் தூக்கமே வரலை" என்கிறாள்.

சாயங்காலம் கேஷ் கவுண்ட்டரில் கணக்கு ஒத்துவராவிட்டால் நாங்கள் லெட்ஜரைத் தூக்கிப் பரணில் போட்டதில்லை. எந்த வரியில் தவறு என்று தேடி, கண்டுபிடித்த பிறகுதான் வீட்டுக்குப் போவோம். இதுவும் அப்படித்தான். "எனக்கு ஒத்துக்கலை" என்று சொல்வதற்கு முன்னால், ஒத்துக்கொள்ளாதது சிகிச்சையா, மாஸ்க்கின் அளவா, வகையா, இறுக்கமா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பை இருந்தால் இந்த வாரமே இறக்குங்கள். மாஸ்க்கை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், கூட வருகிறேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை?